எதிர்மலையில் பட்டு வரும் குரல்

மகள்,

நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அம்மா அடுப்படியிலிருந்து "ரெண்டு பேரும் வெளியில போய் கத்துங்க" என்பாள். அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்குக் கடிதம் எழுதிப் புத்தி சொல்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. எனக்கு நாற்பத்தொன்று. இருபத்தொரு வயதில் அப்பாவானால் இப்படித்தான், தலை நரைக்கும் முன்பே பிள்ளை வேலைக்குக் கிளம்பிவிடும். இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன், கோபப்படாதே. உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. மலையுச்சியில் சிவப்பு விளக்கோடு நிற்கிற டவரைப் பார்த்து, அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்கு எல்லாம் கேட்கும் என்று நினைக்கிற யாரும் படிக்கலாம்.

திங்கட்கிழமை நீ பதுளையில் ரயில் ஏறுகிறாய். கொழும்பில் உன் வேலை என்ன என்று உன் அம்மா அக்கம்பக்கத்தில் "பெரிய டிவி பாக்குற வேலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அவ்வளவு தப்பில்லை. நாட்டின் மலைகளில் எங்கள் வானொலிக்கு இருக்கிற டிரான்ஸ்மிட்டர்கள் எல்லாம் அந்த அறையின் திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஆளை அனுப்பு. அதில் ஒரு கட்டம், பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் இருக்கிற என் மலை. அடுத்த மாதத்திலிருந்து அங்கே ஆள் இருக்கமாட்டார்கள். கதவைப் பூட்டிவிட்டு என்னைப் பதுளைக்கு இறக்குகிறார்கள். ஊவா மாகாணத்தில் எங்கே பழுதோ அங்கே வண்டியில் ஓட வேண்டியதுதான் இனி என் வேலை. ஆளில்லாத மலைக்காக அழுகிற கடிதம் இல்லை இது. அட்டைக்கடி, மூடுபனி, ஜெனரேட்டர் அறையில் கூடு கட்டுகிற எலி, இதெல்லாம் எனக்குப் போதும். புது இயந்திரம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்ளும். அது பார்த்துக்கொள்ளாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பச்சைக் கட்டத்துக்கு என்ன தெரியும் என்று நீ என்றைக்காவது யோசித்திருக்கிறாயா? டிரான்ஸ்மிட்டரிலிருந்து எவ்வளவு பவர் வெளியே போகிறது, ஆண்டெனா வாங்கிக்கொள்ளாமல் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது, பெட்டி எவ்வளவு சூடு, டீசல் எவ்வளவு. இவ்வளவுதான் தெரியும். எல்லாமே அந்த அறைக்குள் எடுக்கிற அளவு. வாய் திறந்திருக்கிறதா, தொண்டையில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று பார்க்கும். பேசியது யார் காதில் விழுந்தது என்று பார்க்காது. நான் மலையில் இருந்த காலம் முழுக்க இதையேதான் நானும் பார்த்தேன். காலையில் உள்ளே போனதும் விசிறிச் சத்தத்தைக் கேட்பேன். சத்தத்தில் சின்னக் கீறல் இருந்தால் விசிறியின் பேரிங் தேய்கிறது. மூக்கால் இழுத்துப் பார்ப்பேன். எரிந்த வார்னிஷ் வாசனை வந்தால் எங்கேயோ கம்பிச்சுருள் சூடாகிறது. வாரத்துக்கு ஒரு தடவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆண்டெனாவுக்குப் போகிற தடித்த கேபிளின் பொருத்துகளை உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பேன். மற்றதைவிட ஒன்று வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் அடுத்து பழுதாகப்போவது. இவ்வளவும் பார்த்தவன், மலைக்குக் கீழே இறங்கி யாரிடமும் கேட்கிறதா என்று கேட்டதில்லை. எனக்குத் தோன்றவேயில்லை. கேட்கவைத்தது உன் ராணி அத்தை.

அத்தையின் லயம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டவர் நிற்கிற மலையின் அடிவயிற்றில், ஒரு பெரிய பாறை தோள் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிற ஒற்றை வரிசைக் காம்பராக்கள்தான் லயம், தோட்டத் தொழிலாளிக்குக் குடும்பத்துக்கு ஓர் அறை. நான் பிறந்ததும் அங்கேதான். என் அக்கா இன்னும் அங்கேதான் இருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். இஸ்தோப்பில், அதுதான் வாசல் திண்ணையில், நின்று அண்ணாந்து பார்த்தால் பாறைக்கு மேலே டவரின் உச்சி விளக்கு சிவப்பாகத் தெரியும். லயத்துக்குப் போகிற வழியில் 'மண்சரிவு அபாயம்' என்று பலகை நட்டிருக்கிறார்கள். பலகை வந்துவிட்டது, வேறிடத்தில் கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் வரவில்லை. பெருமழை பெய்தால் தோட்டத்து ஆட்கள் வந்து "பள்ளிக்கூடத்துக்குப் போங்க" என்பார்கள். இவர்கள் போவார்கள். மலை அசையாது. திரும்பி வருவார்கள்.

போன வருஷம் அப்படிப் போய்த் திரும்பிய பிறகு அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள். "போனோம், பெஞ்சுல படுத்தோம், வந்து பாத்தா மலை அப்படியே நிக்குது, என் கோழிதான் சரிஞ்சிருச்சு. எவனோ பிடிச்சுத் தின்னுட்டான். இனி யாரு வந்து சொன்னாலும் நான் எந்திரிக்கமாட்டேன். ரேடியோவுல சொல்லட்டும், போறேன்."

"ஏன் ரேடியோ?" என்று கேட்டேன்.

"கணக்கப்பிள்ளை சொன்னா, தொரை சொல்லச் சொல்லியிருக்காருன்னு தெரியும். ரேடியோ ஊருக்கே சொல்லுது. எனக்கு மட்டும் பொய் சொல்லுமா?"

"ஒன் வீட்டுல ரேடியோ கேக்காதே அக்கா."

"அதைத்தானே சொல்றேன். ஒன் டவரு என் தலைமேல நிக்குது. வெளிச்சம் எங்களுக்கு, பாட்டு மொனராகலைக்காரனுக்கு."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அவள் எழுந்தால்தான் லயம் எழும், அதுவும் எனக்குத் தெரியும். அவள் வீட்டில் வானொலி கேட்காவிட்டால் அடுத்த பெருமழைக்கு அந்த வரிசையில் யாரும் வெளியேறப்போவதில்லை. போனுக்கும் அங்கே சிக்னல் இல்லை. கோயில் வளைவுவரை ஏறி வந்தால்தான் ஒரு கோடு தெரியும். நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒரு புது ரேடியோ வாங்கிக் கொடுத்தேன். படித்தவன் செய்கிற சோம்பேறி வேலை அது. புது ரேடியோ பழையதைவிடத் தெளிவாக இரைந்தது.

பிறகு உன் விடுமுறையில் நாம் இரண்டு பேரும் போனோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை. உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. அலுமினியக் குழாயை வெட்டி, பழைய டிவிக்காரர்கள் கூரையில் வைத்திருப்பார்களே, மீன்முள் மாதிரி, அப்படி ஓர் ஆண்டெனா செய்து மூங்கிலில் கட்டி எடுத்துப் போனேன். கணக்கெல்லாம் சரி. இஸ்தோப்புத் தூணில் மூங்கிலைச் சாய்த்து, முனையை நேராகச் சிவப்பு விளக்குக்குத் திருப்பினேன். இரைச்சல். இரைச்சலுக்குப் பின்னால் யாரோ தலையணையை வாயில் வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி ஒரு பாட்டு. பற்றவைத்த இடத்தைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன், நானே வாங்கிக் கொடுத்த ரேடியோவைச் சந்தேகப்பட்டேன். அத்தை படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிச்சவன் வந்தா பாட்டு வரும்னு பாத்தேன். இரைச்சல்தான் இப்ப சத்தமா வருது. நல்லாத்தான் படிச்சிருக்க."

"பேசாம இரு அக்கா."

"நான் பேசாம இருந்தா மட்டும் அது பேசிருமா?"

அப்போது நீ சொன்னாய்: "அப்பா, திருப்பிப் பாக்கலாமா?"

"எங்க திருப்புறது? டவரு அங்க இருக்கு."

"சும்மா."

"சும்மான்னு ஒரு திசை இருக்கா?" என்று நான் சீறினேன். அத்தை சிரித்தாள். நீ மூங்கிலை என் கையிலிருந்து வாங்கி, வடை மாவு ஆட்டுகிற மாதிரி மெதுவாகச் சுற்றினாய். பாட்டு மெலிந்தது, போயே போய்விட்டது. நான் வயர்களைச் சுருட்டத் தொடங்கிவிட்டேன். நீ நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே போனாய். டவருக்கு முழுக்க முதுகைக் காட்டி, ஆண்டெனாவின் முனை பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலையின் மொட்டைப் பாறையைப் பார்த்தபோது, அறிவிப்பாளர் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரிக் குரல் வந்தது. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தப் பக்கம் யாரு டவரு வச்சது?"

"யாரும் வைக்கல அத்தை. நம்ம டவருதான். அந்தப் பாறையில பட்டுத் திரும்பி வருது."

"அப்ப எங்களுக்குச் சேர வேண்டியது அங்க போய்ட்டுத்தான் வருமா?"

"ஆமா அத்தை."

"சொன்ன வீடும் அப்படி எங்கேயோ போயிருக்கும் போல. அதுதான் இன்னும் திரும்பல."

மூங்கிலை அந்தத் திசையிலேயே தூணில் கட்டிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நாம் பேசியதை எல்லாம் நான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். மேலே நிற்கிற ஆண்டெனா, நுனியை விரலால் அழுத்திப் பிடித்த தண்ணீர்க் குழாய் மாதிரி. அழுத்தினால் தண்ணீர் தூரம் போகும், காலடியில் செடி காய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறோம், கீழே காலடியில் தேயிலை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து. போதாக்குறைக்குப் பாறைத்தோள் வேறு. லயத்திலிருந்து தெரிவது உச்சி விளக்கு மட்டும். ஆண்டெனா அதற்குக் கீழே, பாறைக்குப் பின்னால். விளக்கு தெரிகிறது, ஆகவே டவர் தெரிகிறது, ஆகவே அங்கேதான் திருப்ப வேண்டும் என்று என் தலைக்குள் ஓடியது. டவரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். சத்தம் எங்கே வருகிறதோ அங்கே திருப்பியிருப்பான். டவரோடு குடித்தனம் நடத்துகிற என்னைப் போன்ற ஆளுக்கு மட்டுமே வருகிற தப்பு அது.

இன்னொரு தப்பும் எங்களுக்கே உரியது. எங்கே கேட்கிறது என்று அளக்க ஒரு வண்டி வரும், கூரையில் ஆண்டெனாவோடு. வண்டி தார் ரோட்டில்தான் போகும். பசறை, லுணுகலை, பண்டாரவளை, எல்லா வளைவிலும் அளக்கும். லயத்துக்குத் தார் ரோடு இல்லை. அளக்காத இடத்தை என்ன செய்வார்கள்? இரண்டு பக்கத்து ரோடும் பச்சையாக இருந்தால், நடுவில் இருப்பதையும் கணினி பச்சையாக நிரப்பிவிடும். நீ உட்காரப்போகும் அறையின் சுவரில் அந்த வரைபடம் தொங்குகிறது. அத்தையின் லயம் அதில் நல்ல பச்சை. தோட்டம்தானே, வேறென்ன நிறமாக இருக்கும்.

பாறை நனைந்தால் குரல் இன்னும் தெளிகிறதா என்பதுதான் எனக்குத் தீராத கேள்வி. நீ போன பிறகு மழை நாளிலும் வெயில் நாளிலும் போய்க் கேட்டேன். நனைந்த நாளில் கொஞ்சம் மேல் என்று என் காது சொல்கிறது. அத்தை இல்லை என்கிறாள். சின்ன வயதில் ஒரு நாள் நீ மலைக்கு வந்தபோது "மழையில பாட்டு நனையாதாப்பா?" என்று கேட்டாய். "நனையாது, உள்ளே போ" என்றேன். நனைந்த பாறை என்ன செய்கிறது என்று எனக்கு இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. அன்றைக்கு நின்று உன்னோடு யோசித்திருக்கலாம். கையில் ஸ்பேனர் இருந்தால் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

இப்போது உன்னிடம் முழுசாகச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷப் பெருமழையில் பாதை எல்லாம் அடைபட்டு நீ பதுளையில் மாட்டிக்கொண்டாயே, அன்று நான் மலையில் இருந்தேன். விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கு ஏறுகிற பாதையில் மண் விழுந்துவிட்டதால் டீசல் கொண்டு வருகிற வண்டி வரமுடியாது. கொழும்பிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை நீ எந்த அறைக்குப் போகிறாயோ அதே அறை. பேசியவன் இளைஞன், பணிவாகத்தான் பேசினான்.

"அண்ணே, டீசல் பாதிக்குக் கீழ காட்டுது. பவரை மூணுல ஒரு பங்குக்கு இறக்குங்க. எப்பவும் செய்யிறதுதானே."

"இறக்கினா கீழ ஒரு லயத்துக்குக் கேக்காது."

"எந்த லயம்ணே?"

இடத்தைச் சொன்னேன். அவன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். "வரைபடத்துல அந்த இடம் பச்சையா இருக்கேண்ணே."

"பச்சையா இருக்கட்டும். கேக்காது."

அவன் சொன்னது தப்பில்லை, மகள். அதை முதலில் புரிந்துகொள். முழு பவரில் ஓடினால் டீசல் சீக்கிரம் தீரும். தீர்ந்தால் ஊவாவின் இந்தப் பக்கம் முழுக்க ஊமையாகிவிடும். எத்தனையோ தோட்டம், எத்தனையோ லயம், எல்லாருக்கும் அன்று வானொலி தேவை. மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினால் ஊருக்கெல்லாம் கேட்கும், வித்தியாசமே தெரியாது. ஆனால் எதிர்மலைவரை போய், பாறையில் பட்டு, பாதியை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வருகிற குரலுக்கு அந்தக் குறைவைத் தாங்க முடியாது. அக்காவுக்கு இரைச்சல்தான் கேட்கும். அவள் எழமாட்டாள். என் அக்காவுக்காக ஊரின் டீசலை எரிப்பதா, ஊருக்காக அக்காவைக் கைவிடுவதா என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அன்று அதிசயமாகக் கேள்வி முதலில் வந்தது.

"எச்சரிக்கையை எப்பெப்ப வாசிக்கிறாங்க?"

"செய்தியிலயும், நடுவுல அப்பப்பவும் வாசிக்கிறாங்கண்ணே."

"அப்ப வாசிக்கிற நேரத்துக்கு மட்டும் ஏத்துறேன். பாட்டுக்கு இறக்கிடுறேன்."

"ஏத்தி ஏத்தி இறக்கினா இங்க மஞ்சள் எரியும்ணே. மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க."

"கேட்டா, மலையில ஒரு பைத்தியம் இருக்குன்னு சொல்லு."

"அது அவங்களுக்கே தெரியும்ணே" என்றான். "வாசிக்கப் போறாங்கன்னா நான் முன்கூட்டியே ஒரு மணி அடிக்கிறேன். எடுக்காதீங்க, மணி கேட்டா ஏத்துங்க." அந்தப் பிள்ளை அன்று முழுக்க அதைச் செய்தான். நீ அவனோடுதான் வேலை செய்யப்போகிறாய். அவனிடம் மரியாதையாக நடந்துகொள்.

மணி அடிக்கும், நான் பவரை ஏற்றுவேன். ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். எச்சரிக்கை முடியும், இறக்குவேன். அது மறுபடி லேசாகப் பாடும். வெளியே மூடுபனியில் எதிர்மலையே தெரியவில்லை. அந்தப் பாறை இருக்கிறதா, அதுவும் சரிந்துவிட்டதா, நனைந்து கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறதா, ஒன்றும் தெரியாது. இவ்வளவு கருவிகளுக்கு நடுவில் நிற்கிறேன், எனக்கு வேண்டிய ஒரே விடை, அக்காவுக்குக் கேட்டதா இல்லையா என்பது, ஒரு கருவியிலும் இல்லை. திரையில் பார்த்திருந்தால் கொழும்பில் பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள். அவ்வளவுதான்.

மறுநாள் மழை விட்டதும் குறுக்குப் பாதையில் இறங்கினேன். லயத்தில் ஆள் இல்லை. எல்லாக் காம்பராவிலும் பூட்டு. கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பில் சிமெந்துத் தரை பிளந்து, உள்ளங்கையை நுழைக்கலாம் போல ஒரு வெடிப்பு, அடுத்தடுத்த காம்பராக்களின் வழியாக அக்காவின் வாசல்வரை ஓடியிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அக்கா வகுப்பறை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் கூடையில் கோழி.

"எப்ப வந்தீங்க?"

"நேத்து சாயங்காலமே."

"யாரு சொன்னா?"

"ஒன் ரேடியோதான். காலையிலேர்ந்து பாட்டெல்லாம் ஒரே இரைச்சல். ஒன்னத் திட்டிக்கிட்டே ரொட்டி சுட்டேன். பாத்தா செய்தி வரும்போது மட்டும் கண்ணாடி மாதிரி வருது. முடிஞ்சதும் மறுபடி இரைச்சல். அடுத்த தடவையும் அப்படியே. என்னடா இது, பாட்ட மறைச்சிட்டு செய்திய மட்டும் விடுறான், மேல இருக்கவன் நம்மகிட்ட என்னமோ சொல்றான்னு தோணுச்சு. லயத்தையே கெளப்பிட்டேன். வரமாட்டேன்னவங்களை வாரியலாலேயே கெளப்பினேன்."

"நான் ஒன்னும் சொல்லல அக்கா. டீசல் மிச்சம் பிடிச்சேன்."

"என்னத்தையோ பிடிச்ச. நான் கோழியப் பிடிச்சிட்டேன்."

அவள் எச்சரிக்கையின் சொற்களை நம்பி எழவில்லை. அந்தச் சொற்களை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பாட்டு மங்கி, செய்தி தெளிந்த அந்த வித்தியாசத்தை நம்பி எழுந்திருக்கிறாள். நான் நினைத்தே பார்க்காத ஒரு செய்தியை நான் அனுப்பியிருக்கிறேன். அவள் வாங்கியிருக்கிறாள். இந்த வேலையில் இத்தனை வருஷம் இருந்து, இதைவிட விசித்திரமான ஒன்றை நான் கண்டதில்லை.

மழை ஓய்ந்ததும் அவர்கள் அதே காம்பராக்களுக்குத் திரும்பிவிட்டார்கள். வேறெங்கே போவார்கள்? வெடிப்பில் சிமெந்து பூசியிருக்கிறது. அதற்கு மேல் பாய் விரித்துத்தான் தூங்குகிறார்கள். அத்தை லயம் முழுக்க ஒரு சட்டம் போட்டுவிட்டாள்: "பாட்டு இரைஞ்சு செய்தி மட்டும் தெளிவா வந்தா, யாரையும் கேக்காம கெளம்புங்க." பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இப்போது யோசித்துப் பார். அடுத்த மாதம் மலை பூட்டப்படுகிறது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் பவர் தானாக மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், அங்கேயே நிற்கும். பாட்டும் இரையும், செய்தியும் இரையும். அத்தை சட்டத்தின்படி உட்கார்ந்திருப்பாள். திரையில் பச்சை.

இதை நான் மேலதிகாரிகளிடம் சொல்லவில்லையா என்று கேட்பாய். சொன்னேன். சொன்ன விதம்தான் என் தப்பு. பெரிய எஞ்சினியர் போனில் "இது எந்த விதிமுறையில இருக்கு?" என்று கேட்டார். "பாறைக்கு விதிமுறை தெரியாது சார், ஒருநாள் இங்க வந்து நின்னு பாருங்க" என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் சொன்னது சரி. சரி என்பதாலேயே கத்தலாம் என்று நினைத்தேன். அன்று பத்து நிமிடம் வாயை அடக்கிக்கொண்டு, ஏன், எப்படி, எவ்வளவு டீசல் மிச்சமானது என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லியிருந்தால், அது இன்றைக்கு விதிமுறையாகவே இருந்திருக்கும். நான் கத்தியதால் அது ஒரு பைத்தியக்காரனின் பழக்கமாகவே நின்றுவிட்டது. பழக்கம் என்னோடு மலையிறங்கிவிடும்.

உனக்கும் என் வாய்தான். அதனால் சொல்கிறேன். போனதும் கத்தாதே. திருட்டுத்தனமாகப் பவரை ஏற்றவும் வேண்டாம். மாட்டிக்கொண்டால் உன்னையும் எடுத்துவிடுவார்கள், பவரை ஏற்றுகிற பொத்தானையும் எடுத்துவிடுவார்கள். முதலில் வேலையைக் கற்றுக்கொள். மணி அடித்த அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள், அவனுக்கு நடந்தது தெரியும். பிறகு இரண்டு பேரும் போய்க் கேளுங்கள்: எச்சரிக்கை வாசிக்கிற நேரத்துக்கு மட்டும் பவர் தானாக ஏறுகிற மாதிரிச் செய்யலாமா என்று. இயந்திரத்துக்கு அது பெரிய வேலையே இல்லை. முடியாது என்றால் ஏன் என்று கேள். அவர்கள் சொல்கிற காரணம் நியாயமாகவும் இருக்கலாம், அப்போது அதற்கு வேறு வழி தேடு. மழைக்காலம் தொடங்கும் முன்பு விடை வேண்டும். விடை இல்லை என்றால் அதையும் எனக்குச் சொல், அத்தையிடம் சட்டத்தை மாற்றச் சொல்ல வேண்டும். அவளிடம் அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது, பெரிய எஞ்சினியரைச் சமாளிப்பதைவிடக் கஷ்டம்.

நேற்று அவளிடம் போய்ச் சொன்னேன். இனி மேலே நான் இருக்கமாட்டேன், கொழும்பிலிருந்துதான் இயக்குவார்கள், அங்கே உட்காரப்போவது நீ என்று. அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

"அவளுக்கு இங்க யாரைத் தெரியும்? என்னைத் தெரியும். பக்கத்துக் காம்பரா புள்ளத்தாச்சியத் தெரியுமா? கடைசிக் காம்பராவுல நடக்க முடியாம கிடக்காரே, அவரைத் தெரியுமா? போறதுக்கு முன்னால வந்து எல்லார் மொகத்தையும் பாத்துட்டுப் போகச் சொல்லு. மொகம் தெரிஞ்சாத்தான் கை பொத்தானுக்குப் போகும்."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பயணப்பெட்டியைச் சனிக்கிழமையே கட்டி முடி. செருப்புப் போடாதே, அட்டை ஏறும், சப்பாத்துப் போட்டுக்கொள். இதுவரை அத்தையின் காம்பராவில் மட்டும்தான் கேட்டுப் பார்த்திருக்கிறோம். மற்றக் காம்பராக்களில் எது கேட்கிறது, எது கேட்கவில்லை, எனக்கே தெரியாது. ஒவ்வொரு வாசலாகப் போவோம். ஆண்டெனாவை நான் வெளியே பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நீ சொல்கிற பக்கம் திருப்புகிறேன். நீ உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்து கேள்.

அப்பா